எம்.பி.எல்.எஸ். வேலையை மகள் விட்டுவிடலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

நிறுவனங்களின் கிளை அலுவலகங்களை இணைக்கும் வலையமைப்பை, லேபிள் எண் ஒட்டித் தரவை அனுப்பும் எம்.பி.எல்.எஸ். முறைக்கு மாற்றித் தரும் குழுவில் தங்கள் மகளுக்கு முதல் வேலை கிடைத்திருப்பதாகவும், அது பழைய தொழில்நுட்பம் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் அதை விட்டுவிட்டு மென்பொருள் பயிற்சியில் சேரச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம் என்பதே என் கருத்து.

சாதாரண ஐ.பி. வலையமைப்பில் வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் (தரவுக்கு வழிகாட்டும் கருவி) பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டின் சேருமிட முகவரியைப் பார்த்து அடுத்த வழியை முடிவெடுக்கும். எம்.பி.எல்.எஸ். முறையிலோ நுழைவிடத்து ரூட்டர் ஒட்டும் 20 பிட் லேபிள் எண்ணை மட்டும் பார்த்து இடையிலுள்ளவை பாக்கெட்டை நகர்த்தும். இதன் அடிப்படை வரையறை 2001இல் ஆர்.எஃப்.சி. 3031 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. தொடக்கத்தில் வேகமே இதன் சிறப்பாகப் பேசப்பட்டாலும், நிலைத்து நின்ற பயன் வேறு. ஃப்ரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறையின் காலத்தில் 20 கிளைகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச 190 மெய்நிகர்ச் சுற்றுகள் (இரு கிளைகளுக்கு இடையிலான தனித் தடங்கள்) தேவைப்பட்டன, எம்.பி.எல்.எஸ். மீது இயங்கும் தனி வலைச் சேவையான வி.பி.என். வந்தபின் கிளைக்கு ஓர் இணைப்பே போதும்.

தங்கள் மகள் உண்மையில் தொழில் கற்கப்போவது சிக்கல்களில்தான். லேபிள் எண்ணையும் துணைத் தகவல்களையும் சேர்த்து ஒரு லேபிள் 4 பைட், வி.பி.என். சேவையில் பெரும்பாலும் இரண்டு லேபிள்கள் சேர்வதால் 1500 பைட் பாக்கெட் 1508 ஆகிவிடும். வழியில் ஒரு ஸ்விட்ச்சில் எம்.டி.யூ. அளவை (அனுமதிக்கப்படும் மிகப்பெரிய பாக்கெட் அளவு) உயர்த்த மறந்திருந்தால், இணைப்பைச் சோதிக்கும் சிறிய பிங் பாக்கெட்டுகள் தடையின்றிப் போய்வரும்போதே பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றுவிடும். எல்லாக் கிளைகளும் ஒரே ஏ.எஸ். எண்ணை (வலையமைப்பின் அடையாள எண்) பயன்படுத்தினால், தன் எண்ணையே தாங்கி வரும் வழித்தகவலை, வலையமைப்புகள் வழித்தகவல் பரிமாறும் நெறிமுறையான பி.ஜி.பி. நிராகரித்துவிடும் என்பதால், சேவை நிறுவனம் அதற்குத் தனி ஏற்பாடு செய்யாதவரை ஒரு கிளைக்கு மற்றொரு கிளை தெரியாது. பாதிக் கிளைகள் பழைய வலையிலும் பாதி புதியதிலும் இருக்கும் வாரங்கள் இன்னும் கடினமானவை. இரு வலைகளும் இரண்டு இடங்களில் இணைக்கப்பட்டிருந்தால் வழித்தகவல் சுற்றிச் சுற்றி வரக்கூடும். மேலும், எம்.பி.எல்.எஸ். ஒரு வாடிக்கையாளரின் தரவை மற்றவரிடமிருந்து பிரித்து வைக்குமே தவிர மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யாது. தேவையெனில் ஐபிசெக் என்னும் மறையாக்க முறை தனியாகச் சேர்க்கப்பட வேண்டும்.

உறவினர் சொன்னதிலும் உண்மை உண்டு. கிளவுட் பயன்பாடு பெருகியதாலும் எம்.பி.எல்.எஸ். கட்டணம் அதிகம் என்பதாலும் பல நிறுவனங்கள் எஸ்.டி.-வான் (கிளை இணைப்புகளை மென்பொருளால் நிர்வகிக்கும் முறை) பக்கம் நகர்கின்றன. ஆனால் கழற்றப்படும் வலையை அறியாதவரால் அதைப் பழுதின்றிக் கழற்ற முடியாது. பல இடங்களில் இரண்டும் அருகருகே இயங்கவும் செய்கின்றன. 2018இல் வரையறுக்கப்பட்ட புதிய வழிகாட்டு முறையான செக்மென்ட் ரூட்டிங்கும் எம்.பி.எல்.எஸ். லேபிள்கள் மீது இயங்கக்கூடியது.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பிறர் எழுதித் தரும் கட்டளைகளை நள்ளிரவில் ஒட்டுவதே அவருடைய வேலையாக நின்றுவிட்டால், ஆண்டுகள் வீணாகும். வடிவமைப்பு ஆவணங்களும், மாற்றம் தோற்றால் பழைய நிலைக்குத் திரும்பும் திட்டமும் அவர் கைக்கு வருகின்றனவா என்று கேளுங்கள். இரவுப் பணி இத்துறையில் தவிர்க்க முடியாதது என்பதால், வீடு திரும்ப நிறுவனம் வாகனம் தருகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படைச் சான்றிதழான சி.சி.என்.ஏ. முடித்தபின், எம்.பி.எல்.எஸ். பாடத்திட்டத்தில் உள்ள அதன் எனார்சி தேர்வை எழுதட்டும். வீட்டுக் கணினியிலேயே வலையமைப்பைப் பாவனையாக அமைத்துப் பார்க்க உதவும் ஜி.என்.எஸ்.3, எஃப்.ஆர்.ரூட்டிங் ஆகிய இலவச மென்பொருள்களைக் கொண்டு, மேலே சொன்ன எம்.டி.யூ. கோளாறை அவரே உண்டாக்கி, அவரே கண்டுபிடித்துப் பார்க்கலாம். பைத்தான் நிரல்மொழியை இதனோடு சேர்த்துக் கற்கட்டும். அதற்காக வேலையை விட வேண்டியதில்லை.