நீலகிரியில் நடக்கும் த்ரில்லர் படத்துக்கு டைட்டில் காட்சியை எப்படி வடிவமைப்பது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியைச் சுற்றி நடக்கும் கொலைக் கதை, பட்ஜெட் சிறியது, டைட்டிலுக்கு மூடுபனியும் ட்ரோன் ஷாட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. குன்னூரில் உட்கார்ந்து சென்னைப் படங்களுக்கு மோஷன் கிராஃபிக்ஸ் செய்கிறவன் என்பதால், இந்தப் பனி ஷாட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கொண்டை ஊசி வளைவு, மேலிருந்து ட்ரோன், பின்னணியில் புல்லாங்குழல் என்றால் ஊட்டி டூர் பேக்கேஜ் விளம்பரம் மாதிரிதான் இருக்கும். தொழில்நுட்பமாகவும் பனி தொல்லை. வெள்ளைமேல் வெள்ளை எழுத்து நிற்காது. ஓடிடிக்குச் சுருக்கும்போது மென்மையான சாயல்கள் பட்டை பட்டையாகப் பிரியும். வைத்தே தீர வேண்டுமென்றால் மேலே கொஞ்சம் கிரெய்ன் (பழைய பிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) தூவுங்கள்.

த்ரில்லர் டைட்டிலுக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கதையில் யாருக்கும் இன்னும் தெரியாத எதை, என்னவென்று புரியாதபடி பார்வையாளருக்குக் காட்டலாம்? 1995இல் வந்த 'செவன்' படத்துக்கு டைட்டில் வடிவமைப்பாளர் கைல் கூப்பர் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகாரனின் முகம் இல்லை. விரல்கள், பிளேடு, நோட்டுப் புத்தகம், கையால் கீறிய எழுத்துகள், அவ்வளவுதான். படத்தில் அவன் வருவதற்கு வெகுநேரம் முன்பே அவனோடு பழகிவிடுகிறோம். 1960இல் 'சைக்கோ'வின் டைட்டிலுக்கு வடிவமைப்பாளர் சால் பாஸ் வெறும் கோடுகளை ஓடவிட்டார். பெயர்கள் துண்டாகும், பொருந்தும், மறுபடி துண்டாகும். பட்ஜெட் பற்றிக் கவலைப்படுபவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

உங்கள் கதையில் ஃபேக்டரியே இருக்கிறதே, அப்புறம் எதற்கு ட்ரோன்? வாட்டிய இலை, அதை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினுக்குள் போவதை மேக்ரோ லென்ஸில் பாருங்கள். பல் வெட்டிய இரண்டு உருளைகள், ஒன்று வேகமாக, இன்னொன்று மெதுவாக, எதிரெதிராகச் சுழலும். நடுவில் மாட்டிய இலை நறுங்கிக் கிழிந்து, ஈரப் பச்சைத் துகளாக விழும். அடுத்தது இன்னும் நல்லது. அந்தத் துகளைப் பரப்பி வைத்தால், ஒரு மணி நேரம் முன்பின்னாகப் பச்சை போய்ச் செம்பு நிறமாகிவிடும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெளிச்சமும் நிறமும் தானாக மாறாதபடி எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட்டு, ஐந்து நொடிக்கு ஒரு ஃபிரேம் எடுங்கள். ஒரு மணி நேரத்தில் 720 ஃபிரேம், நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் திரையில் 30 நொடி. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லாமல் ஒரு பச்சை உயிர் நிறம் மாறுவதைக் காட்டிவிடலாம். பெயர்களை உருளைகளின் இருட்டான ஓரங்களில் உட்கார வையுங்கள். மெஷின் சத்தத்தைத் தனியாக ரெக்கார்டரில் பிடித்து இசையமைப்பாளரிடம் கொடுங்கள். ஓடும் உருளைக்குப் பக்கத்தில் கையையோ கேமரா பட்டையையோ கொண்டு போகாதீர்கள். ஃபேக்டரி ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: தோடர் பூத்தையலைக் கொலைகாரனின் அடையாளமாக வைப்பது, பழங்குடிப் பாட்டைத் திகில் சத்தமாக ஓடவிடுவது எல்லாம் வேண்டாம். இங்கே வாழ்கிறவர்களைப் பேய்க் கதையாக்கும் சோம்பேறித்தனம் அது.

நம் ஊரில் தணிக்கைச் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கை, நன்றி அட்டைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் முதல் ஃபிரேம் வரும். அதற்குள் அரங்கில் பாப்கார்ன் பேச்சு ஆரம்பித்திருக்கும். அதனால் படத்தோடு தொடங்காமல், கருப்புத் திரையில் மெஷின் சத்தத்தோடு தொடங்குங்கள். ஒரு பெயருக்கு இரண்டரை நொடியாவது கொடுங்கள்.

எழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் எழுத்து எழுத்தாக வரும் அனிமேஷனைத் தமிழுக்குப் போட்டால், 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று தனித்தனியாக வந்து நிற்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை அகட்டினாலும் இதே கதிதான். அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில், எழுத்தை அடுக்கும் டெக்ஸ்ட் எஞ்சின் தமிழைச் சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான பெயர்களை வடிவமாக மாற்றிவிட்டுக் கையால் அசைப்பது இன்னும் நல்லது. அதற்கு முன் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்புத் தரப்பிடம் எழுத்துப் பிழை பார்த்துக் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். ரெண்டர் முடிந்த பிறகுதான் ஒருவருக்கு இனிஷியல் நினைவுக்கு வரும்.