மாடிப்படியில் வருவது வாயு அல்ல

கேள்வி: வயது 48. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். 2005 இஸ்தான்புல் ஃபைனலில் இருந்து லிவர்பூல் ரசிகன். பெனால்டி வந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை வாட்ச் 128 காட்டுகிறது. கால்பந்து பார்ப்பதால் மாரடைப்பு வரும் என்று நெட்டில் படித்ததில் இருந்து பயம். நண்பர் கொடுத்த ப்ரோப்ரனலால் மாத்திரையில் பாதியை ஆட்டத்துக்கு முன்னால் போட்டுக்கொள்கிறேன். இடது கண் துடிக்கிறது, கால் மரத்துப்போகிறது. கம்பெனி மாடி ஏறினால் கேஸ் வந்து நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விட்டுவிடும், சோடா குடித்தால் சரியாகிவிடும். காலையில் வாக்கிங் போன நாளில் எல்லாம் டீம் தோற்பதால் அதையும் நிறுத்திவிட்டேன். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். நான் மேட்ச் பார்ப்பதை விட வேண்டுமா, டாக்டர்?

பதில்: மேட்சை அப்புறம் பேசுவோம். மாடி ஏறும்போது அடைத்து, நின்றதும் விட்டுவிடுகிறது என்றால் அதை வாயு என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். வாயுவுக்கு மாடிப்படியும் தெரியாது, சமதரையும் தெரியாது. சாப்பிட்டால் வரும், படுத்தால் வரும், ஏப்பம் விட்டால் போகும். உழைக்கும்போது மட்டும் வந்து, ஓய்ந்தால் போகிற நெஞ்சடைப்பு, வேறு என்று நிரூபணம் ஆகும்வரை இதயத்துடையதுதான்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதுமானதாக இருக்கும். மாடி ஏறும்போது இதயம் கூடுதலாகக் கேட்கும், குழாயால் கொடுக்க முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் இறுக்கமாகவோ, பாரமாகவோ, எரிச்சலாகவோ தெரிகிறது. சிலருக்குத் தாடையிலோ இடது கையிலோ தெரியும். ஆஞ்சைனா என்று இதற்குப் பெயர். இந்தப் பக்கம் என்னிடம் வருகிறவர்கள் யாரும் ‘வலி’ என்று சொல்வதில்லை. ‘நெஞ்சைக் கவ்விப் பிடிக்குதுங்க, ஒரு சோடா குடிச்சா சரியாயிருதுங்க’ என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் காப்பாற்றியது சோடா அல்ல. சோடா குடிக்க நின்றார்களே, அந்த ஐந்து நிமிடம்.

உங்கள் அப்பா போன வயது 52. தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால், அது பிள்ளைக்கும் உடன்பிறந்தவருக்கும் எச்சரிக்கை. கண் துடிப்பையும் வாட்ச் எண்ணையும் முன்னால் எழுதிவிட்டு இதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் தூங்கவிடாதது இதுதான் என்று எனக்குப் புரிகிறது. பயப்படுவதில் தவறில்லை. பயந்துகொண்டு நெட்டில் தேடியதும், நண்பரின் மாத்திரையை விழுங்கியதும்தான் தவறு.

நெட்டில் நீங்கள் படித்தது முழுப் பொய்யும் அல்ல. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் பகுதி மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசரங்கள் வழக்கத்தைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் உங்களைப் பயமுறுத்தியவர்கள் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு: ஏற்கெனவே இதயக் குழாய் நோய் உள்ளவர்களிடம் அந்த ஆபத்து இன்னும் அதிகமாக இருந்தது. ஆட்டம் குழாயை அடைப்பதில்லை. அடைப்பு இருக்கும் இடத்தில் பரபரப்பு தீப்பொறி வைக்கிறது. அதனால் உங்களிடம் கேட்க வேண்டியது எந்த டீம் என்பதல்ல, குழாய் எப்படி இருக்கிறது என்பதுதான்.

128 துடிப்பு பெனால்டி நேரத்தில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோவை நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று, சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபிடம் பின்தங்கியிருந்து 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் என்ற இந்தியக் கால்பந்துத் தொடரின் கோப்பையைப் பிடித்தபோது நானும் கேலரியில் இருந்தேன். பெயர் சென்னை, சொந்த மைதானம் கோயமுத்தூர், அதற்காக நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். அன்று என் நாடியும் அப்படித்தான் ஓடியது. நெஞ்சடைப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் இல்லாமல், பரபரப்பு அடங்கியதும் தானாகக் குறைகிற துடிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். கண் துடிப்பு தூக்கமின்மை. நள்ளிரவு 12:30-க்கும் 1:30-க்கும் தொடங்கும் ஆட்டங்களைப் பார்த்துவிட்டுக் காலையில் கம்பெனி திறந்தால் கண் துடிக்கத்தான் செய்யும். கால் மரப்பது சோபாவில் மடக்கி உட்காருவதால். இரண்டையும் மறந்துவிடுங்கள்.

ப்ரோப்ரனலாலை இன்றோடு நிறுத்துங்கள். அது துடிப்பைக் குறைத்து, இதயம் கொடுக்கும் எச்சரிக்கையை மறைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சையே அடைக்கும். எப்போதாவது பாதி போட்டிருந்தால் அப்படியே விட்டுவிடலாம். தினமும் போட்டு வந்திருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். நண்பருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை நண்பரின் உடம்புக்கு.

அடுத்து அந்த வாக்கிங். ஒரே ஜெர்சியைத் துவைக்காமல் போடுவது, பெனால்டிக்கு முதுகைத் திருப்பிக்கொள்வது, வீட்டில் யாரையும் இடம் மாறி உட்காரவிடாமல் வைப்பது, இதெல்லாம் ரசிகனின் சொத்து, யாருக்கும் கெடுதல் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். நடப்பதை விட்டதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. நிதானமாக யோசித்துப் பாருங்கள்: நடையை நிறுத்தியது டீம் தோற்ற பிறகா, நடக்கும்போது நெஞ்சு பிடிக்க ஆரம்பித்த பிறகா? நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன். மேடு வரும் தெருவை விட்டு வேறு தெருவில் போவார்கள், லிஃப்ட்டுக்கு மாறுவார்கள், மாடிக்குப் பையனை அனுப்புவார்கள். கேட்டால் மூட்டு வலி, வேலை, வெயில் என்று காரணம் சொல்வார்கள். உடம்பு வலிக்கு ஒதுங்கிவிட்டு, மனசு அதற்கு ஒரு காரணம் தேடிக்கொள்கிறது. உங்கள் மனசுக்கு லிவர்பூல் கிடைத்திருக்கிறது.

இந்த வாரமே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். ‘கேஸ்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘மாடி ஏறினால் நெஞ்சடைக்கிறது, நின்றால் விடுகிறது, அப்பா 52-இல் போனார்’ என்று சொல்லுங்கள். சும்மா படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி நன்றாக இருந்தால் அதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். உழைப்பில் மட்டும் வருகிற அடைப்பு அதில் தெரியாமல் போகலாம். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ, டி.எம்.டி. என்று சொல்லும் டிரெட்மில் பரிசோதனை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். மாத்திரை போட்டதை மறைக்காதீர்கள். அது உள்ளே இருந்தால் டிரெட்மில்லில் துடிப்பு ஏறாது, முடிவு தப்பாகிவிடும்.

முன்பைவிடக் குறைந்த படிகளிலேயே அடைத்தாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ, நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் விடாவிட்டாலோ, அடைப்போடு வியர்த்துக் கொட்டினாலோ, அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பரிசோதனை முடியும்வரை பெரிய ஆட்டங்களை நேரலையில் பார்க்க வேண்டாம், காலையில் ஹைலைட்ஸ் போதும். குழாய் சரியாக இருக்கிறது என்று வந்தால் தாராளமாகப் பாருங்கள். நடையைத் திரும்ப ஆரம்பியுங்கள்: பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். இரவு ஆட்டம் பார்த்த மறுநாள் விடியற்காலை எழுந்து ஓடாதீர்கள், சாயங்காலம் நடக்கலாம். இடைவேளைப் பதினைந்து நிமிடமும் சோபாவை விட்டு எழுந்திருங்கள். கம்பெனியில் செக்கிங் டேபிள், பேக்கிங் என்று மணிக்கு ஒரு தடவை ஒரு சுற்று போய்வாருங்கள். அடைப்பு இருக்கிறது என்று வந்தாலும் நடையும் மேட்சும் முடிந்துபோகாது. எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

அதுவரை ‘இப்போது வருகிறதா பார்ப்போம்’ என்று மாடி ஏறிச் சோதித்துப் பார்க்காதீர்கள். உங்கள் மேஜையைக் கீழே இறக்கிப் போடச் சொல்லுங்கள்.