காப்பீட்டு அட்டை இல்லாமல் அட்மிட் ஆனால்?

கேள்வி: அம்மாவுக்கு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லை. இனி எடுக்க முடியுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஆபரேஷன் தேதி வரை தள்ளிப்போடாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். அம்மாவையும் அழைத்துப் போவது நல்லது. போட்டோவும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள். படுத்த படுக்கையாக இருந்தால், வார்டிலிருந்தே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முதலில் பேசுங்கள்.

பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். ரேஷன் கார்டில் 'முனியம்மாள்', ஆதாரில் 'முனியம்மா' என்றிருந்தால் காப்பீட்டு அனுமதி இழுபறியாகும். அம்மா பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறதோ, அந்தக் கார்டைத்தான் கொண்டுபோக வேண்டும். இதை இன்றே எடுத்துப் பாருங்கள். சந்தேகத்துக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993.

டிஸ்சார்ஜ் நாளையும் இப்போதே யோசியுங்கள். 108 ஆம்புலன்ஸ் அவசரத்துக்கு மட்டும்தான், வீட்டில் கொண்டுவிட வராது. பிரசவித்த தாயையும் சேயையும் இலவசமாக வீட்டில் விடுவது 102. உங்கள் அம்மாவுக்கு அதுவும் பொருந்தாது. தையல் போட்ட உடம்போடு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு பென்னாகரம் போக வைக்காதீர்கள்; ஒரு காருக்கு முன்பே சொல்லிவையுங்கள்.