கோத்தகிரியிலிருந்து லண்டன் எவ்வளவு நேரம்?

கேள்வி: மகளின் பிரசவத்துக்கு லண்டன் போகிறேன். கோவையிலிருந்து லண்டன் 8,200 கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. டிக்கெட்டில் 17 மணி நேரம். எதை நம்புவது? – வாசகி, கோத்தகிரி

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். இணையத்தில் இருப்பது வெறும் கணக்கு. ஆகாயத்தில் நேர்த் தூரத்தை எடுத்து, மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்கக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள், அப்படி ஒரு விமானம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கோவையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னை, பெங்களூரு, மும்பை, இல்லையென்றால் வளைகுடாவில் ஓர் ஊர் என்று எங்காவது மாறித்தான் ஆக வேண்டும், அங்கே காத்திருக்கும் நேரமும் அந்த 17 மணிக்குள் அடக்கம்.

இன்னொன்று, டிக்கெட்டில் இருக்கும் மணி அந்தந்த ஊர் மணி. காலை 5.30க்குச் சென்னையில் ஏறி 11.30க்கு லண்டனில் இறங்குவதாகப் போட்டிருந்தால் ஆறு மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. கோடை என்றால் அது பத்தரை மணி நேரம்.

முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போட்டால் நூறோ இருநூறோ மிச்சமாகும், ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அப்புறம், மே மாதப் பயணம் என்றால் சீக்கிரமே கிளம்புங்கள். சீசனில் ஊட்டிக்கு வந்த வண்டிகளையெல்லாம் உங்கள் ஊர் வழியாகத்தான் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: போகும்போது ஆகும் நேரத்தைவிடத் திரும்பி வரும்போது குறைவாக ஆகிறதே, ஏன்? – வாசகர், குன்னூர்

பதில்: காற்றுதான். விமானம் பறக்கும் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு, சில நாளில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல். லண்டன் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. நம் மலை ரயில் அதே 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரமும் இறங்க மூன்றரை மணி நேரமும் எடுத்துக்கொள்கிறதே, அது மாதிரி. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வேகமெடுக்கும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவம் வழியாக விமானம் வந்தது உண்மையா? சுற்றுவழி இல்லையா? – மாணவர், ஊட்டி

பதில்: உண்மை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அப்படி வந்தது, ஓட்டியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். சுமார் 14,000 கிலோமீட்டர், எங்கும் நிற்காமல். தட்டையான வரைபடத்தில்தான் அது சுற்றுவழி. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், துருவத்துக்குப் பக்கமாகவே போகும், குறுக்குவழியே அதுதான்.

நீங்களும் ஒருநாள் பெங்களூரில் விமானம் ஏறலாம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். விடியற்கால விமானம் என்றால் முந்தைய நாள் பகலிலேயே அதைத் தாண்டிவிட வேண்டும். விமான நிலையமும் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நாம் போய்ச் சேரும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம்.