மாரடைப்பே வராதவருக்கு தினமும் ஆஸ்பிரின் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 71. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் ‘இதயத்துக்குப் பாதுகாப்பு’ என்று ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த இகோஸ்பிரின் என்ற ஆஸ்பிரின் மாத்திரையை இன்றும் ராத்திரியில் தவறாமல் சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கும் அவ்வப்போது மாத்திரை போடுவார். வயதானவர்களுக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று மகன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். நிறுத்திவிடலாமா?

பதில்: மகன் அனுப்பிய செய்தி வதந்தி இல்லை. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கும் மருந்து. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்போடு வந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் ஐந்து வாரத்துக்குள் நேர்ந்த இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 11.8 சதவீதத்திலிருந்து 9.4-ஆகக் குறைந்தன. வந்தவருக்கு நல்லது என்றால் வராதவருக்கும் நல்லதுதானே என்று மருத்துவர்கள் நினைத்தோம். அப்போதிருந்த சில ஆய்வுகளும் அதற்கு இடம் கொடுத்தன. உங்கள் கணவருக்கு எழுதிக்கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது.

மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்களிடம் நடத்தி 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகள் இந்தக் கணக்கை மாற்றின. அஸ்ப்ரீ ஆய்வில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்கள், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்கள். கிட்டத்தட்ட ஐந்து வருடம் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லும்படி குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆனது. அசென்ட் ஆய்வு சர்க்கரைக்காரர்களிடம் மட்டும் நடந்தது. ஆயிரம் பேர் ஏழு வருடம் ஆஸ்பிரின் சாப்பிட்டால் சுமார் 11 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தவிர்ந்தன. சுமார் 9 பேருக்குக் கூடுதலாகப் பெரிய ரத்தக்கசிவு வந்தது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொள்கிற கதை.

காரணம் எளிது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதை ஆஸ்பிரின் தடுக்கிறது. இதயக் குழாயில் அது நல்லது, வயிற்றுப் புண்ணில் கெட்டது. ‘மேலே உறை போட்ட மாத்திரைதானே டாக்டர்?’ என்று பலர் கேட்கிறார்கள். இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தை ஆஸ்பிரின் ரத்தத்தின் வழியாகவும் பலவீனமாக்குகிறது. அதனால் உறையை நம்பி இருக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் ஆஸ்பிரினைவிட என்னை உறுத்தியது அந்த மூட்டு வலி மாத்திரைதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையாக இருந்தால், ஆஸ்பிரினோடு சேரும்போது வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து நன்றாகவே கூடும். சர்க்கரை, பிபி உள்ளவருக்குச் சிறுநீரகத்துக்கும் கெடுதல். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வலிக்கு அளவோடு பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பார்க்கலாம்.

சரி, ஆஸ்பிரின்? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், நிறுத்துவது பற்றிப் பேச நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் பழைய பைலை எடுத்துப் பாருங்கள். ஸ்டென்ட், பைபாஸ், ஆஞ்சியோவில் அடைப்பு, கொஞ்ச நேரம் கை கால் மரத்து வாய் கோணிப் பிறகு சரியானது என்று ஏதாவது உண்டா? இருந்தால் மேலே சொன்ன ஆய்வுகள் அவருக்குப் பொருந்தாது. ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை விடுவது ஆபத்து. பல் பிடுங்குவதற்காகக்கூட தானாக விடக்கூடாது.

மாத்திரை அட்டையையும் திருப்பிப் பாருங்கள். ‘ஏவி’ என்று பெயரில் சேர்ந்திருந்தால் அது ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினும் கலந்த கேப்சூல். அதை அப்படியே விட்டால் அடோர்வாஸ்டாட்டினும் போய்விடும். 71 வயது சர்க்கரைக்காரருக்கு அது பெரும்பாலும் தேவை. தனி மாத்திரையாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரை, பிபி மாத்திரைகளில் கை வைக்க வேண்டாம்.

அட்டை, பழைய பைல், மூட்டு வலி மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கிடையில் மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதையும் அங்கே சொல்லிவிடுங்கள்.