கர்த்தருடைய வேளை எப்பங்க வரும்? காத்திருப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

காத்திருப்பதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஈரோட்டில் ஞாயிறு வேதபாட வகுப்பு எடுப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு பட்டம் எதுவும் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபியிலிருந்து ஒரு சகோதரி: ஸ்தோத்திரம்ங்க ஐயா. எனக்கு 34 வயசு, வர்ற வரன் எல்லாம் தட்டிப் போகுதுங்க. புது வருஷ ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டையில எரேமியா 29:11 வந்துச்சு, நீங்க எதிர்பார்த்திருக்கிற முடிவைக் கொடுப்பேன்னு கர்த்தர் சொல்ற வசனம். வருஷமே முடியப் போகுது. வசனம் பொய்ங்களா?

வசனம் பொய் இல்லை அம்மணி. ஆனால் அந்த அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது. அது, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். அதற்கு முந்தின 10-ஆம் வசனத்தைப் படித்துப் பாருங்கள், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே வாய்ப்பில்லை. முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான், கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை. டிசம்பருக்குள் நடக்கும் என்பது நாம் போட்ட கெடு, அட்டையில் அப்படி எழுதவில்லை.

சரி, எழுபது வருஷம் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. கல்யாணம் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்த மேல்படிப்போ, உங்கள் பெயரில் ஒரு சேமிப்போ இருந்தால் இப்போதே ஆரம்பியுங்கள். பெண் எடுங்கள், பெண் கொடுங்கள் என்றும் அங்கேயே இருப்பதால் வீட்டில் வரன் பார்ப்பதையும் நிறுத்த வேண்டாம். ஒன்று மட்டும் உங்கள் பெற்றோருக்கு: ஜாதகம் பார்க்க மாட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஜாதியையும் பவுனையும் விடாமல் பார்க்கிறோமே, அதனால் தட்டிப்போன வரனை எல்லாம் ‘கர்த்தருடைய வேளை வரலை’ என்று அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் வேலை: கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லைங்க. ஆஸ்பத்திரி போறதை விசுவாசக் குறைவுன்னு சபையில சொல்றாங்க. சாராளைப் பாருன்னு சொல்றாங்க.

சாராள் ஆபிரகாமின் மனைவி, முதிர்வயதில் ஈசாக்கைப் பெற்றவள். அவளைப் பார்ப்பதென்றால் முழுசாகப் பார்க்க வேண்டும். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் பிள்ளைக்காகச் சாராளின் அடிமைப்பெண் ஆகாரை ஆபிரகாமுக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் குழப்பினார்கள், வாக்குத்தத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்கள், கர்த்தர் அதற்காக அவர்களைக் கைவிடவில்லை. ஆனால் ஈசாக்கைப் பற்றின வாக்கு அந்த வீட்டுக்குக் கொடுத்தது, அதை எடுத்து எல்லார் மேலும் ஒட்டுவது சரியில்லை. உங்களுக்குப் பிறக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். குணமாக்குவேன், 15 வருஷம் ஆயுசைக் கூட்டுவேன் என்று கர்த்தரே சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்ல, அதைப் பிளவையின் மேல் பற்றுப் போட்டார்கள் (2 இராஜாக்கள் 20). விசுவாசமும் வைத்தியமும் அங்கே சண்டை போடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். அப்புறம், வாராவாரம் ‘விசேஷம் ஏதாச்சும் உண்டா’ என்று கேட்கிறவர்களிடம், இனிமேல் கேட்காதீங்க என்று நீங்களே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். அந்த வேலையை மனைவி தலையில் கட்டக்கூடாது.

கோவை: அரசு வேலைக்கு ரெண்டு வருஷமா படிக்கிறேங்ணா. அப்பா கடையில வந்து உட்காருங்கிறார். போனா விசுவாசம் குறைஞ்ச மாதிரி ஆகாதுங்களா?

போய் உட்காருங்க தம்பி. தாவீது ராஜாவாக அபிஷேகம் வாங்கின பிறகும் ஆட்டு மந்தைக்குத்தான் திரும்பினான். ராத்திரியில் படியுங்கள்.

கரூர்: வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிக்கிறாருங்க. பொறுமையா கர்த்தருக்குக் காத்திருன்னு பெரியவங்க சொல்றாங்க.

அடி வாங்குவதற்குப் பெயர் காத்திருப்பது இல்லைங்க. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி, அன்று ராத்திரியே ஓடித் தப்பினான், அவனை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. 181-க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான உதவி எண். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். உங்கள் வீட்டுக்காரருக்காக ஜெபிப்பதைப் பத்திரமான இடத்தில் இருந்துகொண்டும் செய்யலாம்.

பொள்ளாச்சி: ஜெபிக்க உட்கார்ந்தா கோபந்தான் வருதுங்க.

13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். இரண்டே வசனத்துக்குள் நாலு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறார் தாவீது. வேதத்திலேயே இருக்கிற கோபம்தானே, அப்படியே சொல்லுங்கள்.

பெருந்துறை: நிலத் தகராறுங்க, பட்டா மாறாமலே கிடக்குது. இந்தத் தாமதம் கர்த்தர் வெச்சதா, என் சோம்பலான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?

யோசேப்பு எகிப்தின் சிறையில் ஜெபத்தோடு நிற்கவில்லை. வெளியே போகப்போகிற அரண்மனைப் பானபாத்திரக்காரனிடம், ராஜாவான பார்வோனிடம் என்னைப் பற்றிச் சொல் என்று கேட்டே விட்டான். அவன் மறந்துபோனான், இரண்டு வருஷம் ஓடிற்று, அது யோசேப்பின் கையில் இல்லை. உங்கள் கையில் இருந்ததைச் செய்துவிட்டீர்களா? தாலுகா ஆபீசில் மனு கொடுத்த ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் திங்கட்கிழமை பத்திர நகலோடு போய்க் கொடுத்துவிட்டு வாங்க, மீதியை அப்புறம் பேசலாம்.