ஓடாத எஞ்சின்கள்

அன்புள்ள ஐயா,

வீட்டுக்குள் ரயில் பாதை அமைப்பது பற்றி முன்பு நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த துணிச்சலில் இதை எழுதுகிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் இருக்கிறேன். வெளிநாட்டில் இருந்த காலத்திலும் அதன் பின்னரும் நான் சேர்த்த மாதிரி ரயில் எஞ்சின்கள் 43 இருக்கின்றன. ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல நாட்டு வண்டிகள், எல்லாம் எச்.ஓ. என்னும் மாதிரி அளவு. பட்டாலைக் கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்து அடுக்கியிருக்கிறேன்.

பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு வட்டப் பாதை போட்டு மூன்று எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தேன். ஜெர்மன் எஞ்சின் நகரவே இல்லை. இன்னொன்று முனகியது. மூன்றாவது, தடம் பிரியும் பாயிண்ட் வரும்போதெல்லாம் நின்றது. ஓட்டினால் விலை போய்விடும், பெட்டியோடு வைத்திருங்கள் என்கிறார் மாப்பிள்ளை. ஓட்டலாமா, கூடாதா? ஓட்டுவதென்றால் எங்கள் வீடு போன்ற வீட்டில் எங்கே அமைப்பது? சிறுவயதில் பார்த்த மீட்டர் பாதை ரயிலை இந்த அளவில் கொண்டுவர வழி உண்டா?

மெ.,
தேவகோட்டை.

அன்புள்ள மெ. அவர்களுக்கு,

விலைப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். மாப்பிள்ளை சொல்வது, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய தகர எஞ்சின்களுக்கும், குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட பித்தளை எஞ்சின்களுக்கும் பொருந்தும். அவற்றுக்குப் பெட்டியும் அதில் ஒட்டிய சீட்டும்கூட விலை பேசும். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஆலையில் வார்த்துக் கடைக்கு வந்த பிளாஸ்டிக் எஞ்சின்களில் பெரும்பாலானவை, வைத்திருந்தாலும் வாங்கிய விலைக்குப் போவது அரிது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் சாமான் பரப்பிக் காட்டிவிட்டு, மங்குத் தட்டுகளை அறையில் வைத்துப் பூட்டி, மூன்று தலைமுறை கழித்துக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு மொத்தமாக நிறுத்துப் போடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் அலமாரியும் ஒருவகைச் சாமான் பரப்பல்தான். ஆகவே ஓட்டுங்கள்.

ஆனால் 43ஐயும் ஓட்ட முடியாது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சான்று இருக்கிறது. நகராத ஜெர்மன் எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி, வயிற்றுப் பகுதியில் நீளமான ஒரு தகடு வில்லால் தாங்கப்பட்டுத் தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மார்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் முறையைச் சேர்ந்தது. அந்த முறையில் பாதையின் நடுவே உள்ள சிறு குமிழ்களிலிருந்து அத்தகடு மின்சாரத்தை எடுக்கும். இரண்டு தண்டவாளங்களும் சேர்ந்து திரும்பு வழியாகும். நீங்கள் மேசையில் போட்டிருப்பது, ஒரு தண்டவாளம் நேர்முனையாகவும் மற்றது எதிர்முனையாகவும் 12 வோல்ட் நேர்மின்சாரம் பாயும் இருதண்டவாள முறையாக இருக்கும். மார்க்லின் எஞ்சினின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று மின்காப்பு இல்லாதவை என்பதால், அதை உங்கள் பாதையில் வைத்த கணமே இரு முனைகளும் குறுக்கே இணைந்துவிடும். எஞ்சினில் பழுது இல்லை, அது வேறு ஊர்ப் பாதைக்குப் பிறந்தது, அவ்வளவுதான். உங்கள் ஆங்கில எஞ்சின்களும் எச்.ஓ. அல்ல, பெரும்பாலும் ஓ.ஓ. வகை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எச்.ஓ. 87இல் ஒரு பங்கு, ஓ.ஓ. 76இல் ஒரு பங்கு, இரண்டுமே 16.5 மி.மீ. அகலப் பாதையில் ஓடுவதால் ஒன்றென்று தோன்றும், பக்கத்தில் நிறுத்தினால் ஆங்கில வண்டி ஒரு சுற்றுப் பருத்திருப்பது தெரியும்.

பாயிண்டில் நின்ற எஞ்சின் அநேகமாகக் குட்டி எஞ்சினாக இருக்கும். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் முனையை விலை குறைந்த பாயிண்டுகளில் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். நீண்ட எஞ்சினின் மற்றச் சக்கரங்கள் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அது கடந்துவிடும். நாலு சக்கர எஞ்சினுக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் பாலைவனம். முனையும் உலோகத்தாலான பாயிண்டுகளுக்கு மாறுவதே நிலையான தீர்வு.

முனகிய எஞ்சின்தான் உண்மையில் உங்கள் கேள்விக்குப் பதில். ஓடாமல் நின்றதால் வந்த நோய் அது. பன்னிரண்டு ஆண்டுகள் பெட்டியில் கிடந்த ஒன்றைச் சென்ற மாதம் நான் பிரித்தேன். மடித்த துண்டின் மேல் தலைகீழாகக் கிடத்தி, அடித்தட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றியதும், பற்சக்கரங்களின் இடுக்கில் ஆலையில் இட்ட கிரீஸ் பலாப்பிசின் போல மஞ்சளாக இறுகியிருந்தது. குச்சியால் நெம்பினால் தகடு தகடாகப் பெயர்ந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். பிறகு அச்சுகளின் முனையில், ஊசி நுனியில் நிற்கும் அளவு மட்டும், பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய எண்ணெய் விட்டேன். மோட்டார்த் தண்டின் திருகுப் பல்லுக்கு மட்டும் ஒரு பொட்டுக் கிரீஸ். எட்டு பஞ்சுக்குச்சிகள் கருத்த பிறகு, நாலு வோல்ட்டிலேயே அது சத்தமின்றி நகரத் தொடங்கியது. தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்; வீட்டுக்கு வீடு இந்தத் தவறைக் காண்கிறேன். எண்ணெய் மிகுந்தால் வழிந்து, பிடிமானத்துக்காகச் சக்கரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையத்தை ஊதச் செய்து கழற்றிவிடும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு திசையிலும் பத்து நிமிடம் ஓடுகிற எஞ்சினுக்கு இந்த வைத்தியம் அடிக்கடி தேவைப்படாது.

ஓட்டினாலும் வைத்தாலும் தப்பாத ஒரு நோயும் உண்டு. பழைய எஞ்சின்களின் துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் போன்ற மாசு சிறிது கலந்திருந்தால், பல ஆண்டுகளில் உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து உப்பி, கடைசியில் கருப்பட்டி போல உதிரும். பழம்பொருள் கடை ஒன்றில் சாவி கொடுத்து ஓட்டும் தகர எஞ்சின் ஒன்றை ஆசையோடு வாங்கி வந்து, ஆத்தங்குடித் தளத்தின் மேல் வைத்துத் தள்ளினேன். மூன்றடி தூரத்துக்குள் முன்சக்கரம் நான்கு துண்டாகக் கிடந்தது. வாங்கும்போதே சக்கரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்ததை, தங்கநிறக் கோட்டில் மயங்கிய என் கண் கவனிக்கவில்லை. உங்கள் அலமாரியில் பழையவை இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெடிப்பு விட்டவற்றை மட்டும் அலமாரியிலேயே ஓய்வெடுக்க விடுங்கள்.

இனி இடம். நகரத்து அடுக்குமாடிக்காரர்கள் கட்டிலுக்கடியில் பாதை போட, நமக்கோ எழுபது எண்பது அடிப் பட்டாலை கிடக்கிறது. ஆனால் அது நமக்கு மட்டும் சொந்தமா? நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் கட்டில் பதினான்கு அடி நீளத்துக்கு ஒரே பலகையாக அடித்து, மலை, பாலம், ஜல்லி எல்லாம் பசை போட்டு ஒட்டி முடித்த எட்டாம் மாதம், பங்காளி வீட்டுக் கல்யாணம் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாயிற்று. பலகை எந்த வாசல் நிலை வழியாகவும் வெளியே போகவில்லை. பர்மா தேக்கு நிலையை அறுப்பதா, பாலத்தை அறுப்பதா என்ற கேள்விக்கு எங்கள் ஆச்சியிடம் ஒரே விடைதான் இருந்தது. ஆகவே நான்கு அடிக்கு இரண்டு அடி அளவில் தனித்தனிப் பலகைகளாகச் செய்து, போல்ட் போட்டுச் சேர்த்து, கம்பி இணைப்புகளுக்குப் பிளக் வைத்துவிடுங்கள். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்று எது வந்தாலும் ஒரு முற்பகலில் கழற்றிச் சாமான் அறையில் நிறுத்திவிடலாம். வானம் பார்த்த வளவு முற்றத்தை ஒட்டி வைக்க வேண்டாம். மழைச் சாரலும் செம்மண் புழுதியும் அங்கேதான் முதலில் இறங்கும். பல்லியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்டவாளம் பித்தளையில் இருந்தால் மாற்றிவிட்டு நிக்கல் வெள்ளியில் (பெயரில்தான் வெள்ளி, அது ஓர் உலோகக் கலவை) வாங்குங்கள். பித்தளை கறுத்தால் அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் வெள்ளியின் கறை அவ்வளவு தடுப்பதில்லை. தண்டவாள இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பாமல் ஏறக்குறைய மூன்றடிக்கு ஒருமுறை கீழிருந்து தனிக் கம்பி கொடுங்கள். வளைவின் ஆரம் 438 மி.மீ.க்குக் குறைந்தால் நீண்ட எஞ்சின்கள் தடம் புரளக்கூடும். அந்த ஆரத்தில் வண்டி திரும்பி வரவே மேசை ஒரு மீட்டர் அகலம் வேண்டும் என்பதால், வட்டத்தை மறந்துவிட்டு, சுவரோரமாக நீண்டு போய் மறுமுனையில் நிற்கும் பாதையாக அமைக்கச் சொல்வேன். நம் வீட்டில் இல்லாதது அகலம், இருப்பது நீளம். 21.3 மீட்டர் நீளமுள்ள, சென்னை ஐ.சி.எஃப். ஆலையின் அகலப்பாதைப் பெட்டி இந்த அளவில் 24.5 செ.மீ. ஆகும்; ஐந்து பெட்டியும் ஒரு எஞ்சினும் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். ஊர் தூரத்தை மட்டும் அப்படியே சுருக்க நினைக்காதீர்கள்: பத்துக் கிலோமீட்டர் 115 மீட்டராக வரும், எந்த நகரத்தார் வீடும் போதாது.

மீட்டர் பாதை கேள்வியில்தான் உங்கள் 43க்கும் வழி பிறக்கிறது. உங்கள் 16.5 மி.மீ. பாதை 87 மடங்கானால் 1435 மி.மீ.; அது ஐரோப்பிய அகலம். நம் அகலப் பாதையான 1676 மி.மீ.க்கு 19.3 மி.மீ. தேவை என்பதால், எச்.ஓ.வில் ஓட்டப்படும் இந்திய அகலப்பாதை வண்டிகள் கொஞ்சம் ஒல்லியான காலில்தான் நிற்கின்றன. மீட்டர் பாதைக்குக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது: 12 மி.மீ. பாதை 87 மடங்கில் 1044 மி.மீ. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர் பாதைதான் என்பதால் 12 மி.மீ. அகலத்தில் தண்டவாளமும் வண்டிகளும் கிடைக்கின்றன. சக்கரமும் மோட்டாரும் கொண்ட அந்த அடிக்கூட்டை வாங்கி, மேல்கூட்டைப் பிளாஸ்டிக் தகட்டில் நாமே செய்யலாம். ஒய்.பி. நீராவி எஞ்சினின் கொதிகலனும் இணைதண்டும் பல மாத உழைப்பைக் கேட்கும், ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின், நீண்ட மூக்கும் ஓட்டுநர் அறையும் சேர்ந்த பெட்டி வடிவம், கை பழகாதவரும் தொடங்கலாம்.

1930ஐ ஒட்டி வந்த திருச்சி – மானாமதுரைப் பாதையில் திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரோடு, கல்லல் என்று வரும் நிலையங்களில் சிறியது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவகோட்டை ரோடுதான் பொருத்தம். ஊரை விட்டு அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மூட்டையோடு நடந்தவர்கள் அறிவார்கள். ஒற்றைப் பாதை, இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க ஒரு கிளை, சரக்குக்கு ஒரு முட்டுப்பாதை, இரு முனையிலும் கைகாட்டி. மொத்தம் மூன்று பாயிண்டுகள். பாசஞ்சர் உள்ளே வந்து நிற்க, சரக்கு வண்டி அதற்காகக் காத்திருக்க, ஒற்றைப் பாதையில் செல்ல அனுமதியான டோக்கன் பிரம்பு வளையத்தை ஓட்டுநரிடம் நீட்டும் ஆளை நினைத்துக்கொண்டு நீங்கள் கைகாட்டியை இறக்கினால், பேரப்பிள்ளைகளுக்கு அரைமணி நேர வேலை இருக்கும். இங்கே வேகத்தைக் கவனிக்க வேண்டும். மணிக்கு 40 கி.மீ. என்பது இந்த அளவில் விநாடிக்கு 13 செ.மீ. கூட இல்லை, பிள்ளைகள் பொத்தானைத் திருகி விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டினால் அது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டிய பாசஞ்சர்.

இப்படி ஒரு நிலையத்துக்கு மூன்று எஞ்சின்கள் போதும், ஆசைக்கு இன்னொன்று. சேர்ப்பதற்கு எல்லை இல்லாமல் போனது, எந்த ஊர் வண்டி என்று முதலில் தீர்மானிக்காததால்தான். 12 மி.மீ. பாதை வரும்வரை இருப்பதில் ஆறு எஞ்சின்களைத் தேர்ந்து ஒரே நாட்டுப் பாதையாக ஓட்டிப் பழகுங்கள். மீதியில் நல்லவற்றை விற்றால் தண்டவாளச் செலவு வந்துவிடும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி எண் கொடுத்து ஒரே பாதையில் தனித்தனியாக ஓட்டும் டி.சி.சி. முறையை நான் இப்போது பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் வைக்க வேண்டிய டிகோடர் செலவை ஆறோடு பெருக்கிப் பார்த்தாலே புரியும். ஒரு நேர்மின்சாரக் கண்ட்ரோலரும், கிளைப்பாதையை நிறுத்தி வைக்க இரண்டு சுவிட்சுகளும் இந்த நிலையத்துக்குத் தாராளம்.

முதலில் அந்த ஜெர்மன் எஞ்சினின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் சொன்ன தகடு அதில் இல்லையென்றால் பிரிப்பதற்கு முன் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கும்.